புறப்பட மறுக்கும் லொறி

நுவரெலியாவிலே பகலிற் பிடுங்கிக் கழுவிய கரட்டும் லீக்சும் மூட்டைகளாகித் தெருவோரத்தில் அடுக்கப்பட்டுவிட்டன. அவற்றை ஏற்றிக்கொண்டு விடியுமுன்னர் பேலியகொடை மொத்தச் சந்தையை அடையவேண்டிய லொறியோ கம்பளையில் ஒரு கராஜில் நிற்கின்றது. இறம்பொடை ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வண்டி ஏற மறுத்தமையால், தேய்ந்துபோன கிளச்சுத் தகட்டை மாற்றுவதற்காக அது அங்கே கொண்டுவரப்பட்டது. மூன்று நாள் வேலை முடிந்தது. கியர்ப் பெட்டியை மீண்டும் பூட்டிவிட்டு மெக்கானிக் கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சாரதி ஆசனத்தில் ஏறித் திறப்பைத் திருகினார். ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்டது, எஞ்சின் அசையவில்லை. மீண்டும் திருகினார், மீண்டும் அதே ஓசைதான்.

இத்தகைய வேளையில் எந்தக் கராஜிலும் எழும் வழக்கு ஒன்றே. “இங்கே வரும்போது ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆன வண்டி, தம்பி” என்பார் சாரதி. “நான் கிளச்சை மட்டுந்தான் தொட்டேன், அண்ணே” என்பார் மெக்கானிக். இருவரும் பொய் கூறவில்லை. கிளச்சு என்பது ஓடுகின்ற எஞ்சினின் வலுவைக் கியர்ப் பெட்டிக்குக் கொடுக்கவும் தடுக்கவும் அமைந்த உறுப்பு. எஞ்சினை முதன்முதலிற் சுழற்றிவிடும் வேலையில் அதற்குப் பங்கில்லை. ஆயினும் கிளச்சை அடைவதற்குச் செல்லும் வழி, எஞ்சினைச் சுழற்றிவிடும் கருவிகளின் நடுவேதான் செல்கின்றது. வழக்கின் முடிச்சு அங்கே இருக்கின்றது.

எஞ்சினின் பின்புறத்தில் பிளைவீல் என்னும் கனத்த இரும்புச் சில்லு சுழல்கின்றது. அதன் முகத்தோடு அழுந்தி நிற்பது கிளச்சுத் தகடு. இவ்விரண்டையும் மணிபோன்ற வடிவுடைய ஒரு வார்ப்புக் கூடு மூடியிருக்க, அக்கூட்டுக்குப் பின்னால் கியர்ப் பெட்டி தொங்குகின்றது. ஆகவே தகட்டை மாற்ற வேண்டுமாயின் கியர்ப் பெட்டியையே கீழே இறக்கவேண்டும். அதற்கு முன்னர், பின் அச்சுக்குச் செல்லும் நீண்ட சுழல்தண்டைக் கழற்றவேண்டும். வேகமானியின் கம்பியையும், பின்செல்லும் விளக்கின் வயர்களையும் பிரிக்கவேண்டும். அக்கூட்டிலேயே பூட்டப்பட்டிருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பெரும்பாலும் கழற்றவேண்டும். அதன் வயர்களிலே கை வைப்பதற்கு முன் பற்றறியின் இணைப்பை எடுத்துவிடவேண்டும். கியர்ப் பெட்டி கீழே இறங்கும்போது எஞ்சினும் தன் இறப்பர்த் தாங்கிகளின் மேல் பின்புறமாகச் சாய்கின்றது. அவ்வேளையில் அதனோடு இணைந்த குழாய்களும் கம்பிகளும் இழுபடுகின்றன. ‘கிளச்சை மட்டுந்தான் தொட்டேன்’ என்ற சொல்லுக்குள் இத்தனையும் அடக்கம்.

ஆகவே கைபட்ட இடங்களை முதலிற் பார்ப்பதே ஒழுங்கு. பற்றறி பழையது, ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்துவிட்டது என்று புதிய உறுப்புகளை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவர்கள், சாரதியின் பணத்தைக் கொண்டு ஊகம் செய்கின்றார்கள். ஆனால் இங்கே நீதி தவறவும் கூடாது. ஒன்றின் பின் ஒன்று நிகழ்ந்தமையால் முன்னதே பின்னதற்குக் காரணம் என்று முடிவுசெய்துவிட முடியாது. மூன்று நாள் நின்ற வண்டியிலே கூடாரத்து விளக்கு அணையாமல் எரிந்திருக்கலாம். முதுமையடைந்த பற்றறி அந்த மூன்று நாளிலேயே தன் கணக்கை முடித்துக்கொண்டிருக்கலாம். ஆதலால் முதற் சோதனை பற்றறிக்கே உரியது. அதுவும் மிக எளிய சோதனை.

எஞ்சினைச் சுழற்றிவிடுதல் எவ்வளவு பெரிய வேலை என்பதைக் கைப்பிடி கொண்டு சுழற்றிய பழைய தலைமுறையினர் அறிவார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று மணிக்கட்டையே முறித்துவிடும். அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றறிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலாக் மோட்டார் வண்டியில் இடம்பெற்றபின்னரே அந்த ஆபத்து மெல்ல மெல்ல நீங்கலாயிற்று. இன்று திறப்பைத் திருகியவுடன் சிறு மின்னோட்டம் ஒன்று, ஸ்டார்ட்டரின் முதுகிலிருக்கும் சொலெனோயிட் என்னும் மின்காந்தத்துக்குச் செல்கின்றது. அம்மின்காந்தம் இரண்டு காரியங்களைச் செய்கின்றது: ஸ்டார்ட்டரின் சிறிய பற்சில்லை முன்னே தள்ளிப் பிளைவீலின் விளிம்பிலுள்ள பல்வளையத்தோடு கோக்கின்றது; கோத்ததும் பருத்த செப்புத் தொடுகைகளை மூடிப் பற்றறியின் முழு வலுவையும் மோட்டாருக்குள் விடுகின்றது. சாரதி கேட்ட ‘டக்’ என்ற ஓசை இந்த மின்காந்தத்தின் ஓசையே.

அவ்வோசையை உற்றுக் கேட்பவருக்கு வேலையிற் பாதி குறைந்துவிடும். ஓசையே இல்லையாயின் திறப்பிலிருந்து சொலெனோயிட்டுக்குச் செல்லும் சிறிய வழியிலே தடங்கல் உண்டு. ‘டக டக டக’ என்று விரைந்து அடித்தால், தொடுகை மூடியவுடன் மின்னழுத்தம் விழுந்து, விழுந்தமையால் தொடுகை திறந்து, திறந்தமையால் அழுத்தம் மீண்டும் எழுந்து, இவ்வாறு மாறி மாறி நிகழ்கின்றது என்று கொள்ளலாம். பெரும்பாலும் பற்றறி தளர்ந்ததற்கோ இணைப்பு இளகியதற்கோ அது அடையாளம். மோட்டார் ‘விர்’ என்று தனியே சுழன்று எஞ்சின் சும்மா நின்றால் பற்கள் கோக்கவில்லை. அரைத்தல் ஓசை கேட்டால் கோக்கும் இடத்தில் கேடு. எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையாயின் ஸ்டார்ட்டரைக் குறைகூறுவதில் பயனில்லை. அப்போது எரிபொருளின் பக்கமே திரும்பவேண்டும்.

கம்பளையில் நிற்கும் லொறியில் ஒரே ஓசைதான். சாரதி முன்விளக்குகளைப் போட்டுக் காட்டுகின்றார். அவை பளிச்சென்று எரிகின்றன. “பற்றறியிலும் வயரிலும் ஒன்றுமில்லை, ஸ்டார்ட்டர்தான் போய்விட்டது” என்று பக்கத்தில் நிற்பவர் தீர்ப்புக் கூறுகின்றார். கராஜ்களிலே மிகுந்த பணத்தை வீணாக்கிய தீர்ப்பு இது. முன்விளக்கொன்று எடுக்கும் மின்னோட்டம் மூன்று முதல் ஐந்து அம்பியர் வரையே. லொறியின் ஸ்டார்ட்டரோ சில நூறு அம்பியரை விழுங்குவது. வழியிலே எங்கோ ஓர் இணைப்பு அழுக்கேறி, ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடையை உண்டாக்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 5 அம்பியர் செல்லும்போது அங்கே இழக்கப்படுவது ஒரு வோல்ற்றில் இருபதில் ஒரு பங்கு. எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. 300 அம்பியர் செல்லவேண்டியிருக்கும்போதோ அதே இடம் 3 வோல்ற்றை விழுங்கும். 12 வோல்ற் வண்டியில் அது காற்பங்கு. ஊற்றுத்தண்ணீர் வாய்க்காலில் தடையின்றி ஓடுவதைப் பார்த்து, மாரிவெள்ளமும் அதே வாய்க்காலில் அடங்கும் என்று சொல்வது போன்றது விளக்கைக் காட்டிச் சொல்லும் சாட்சி.

வோல்ற்றுமானி ஒன்று கையிலிருந்தால் தர்க்கத்துக்கு இடமில்லை. இந்த லொறியில் இரண்டு 12 வோல்ற் பற்றறிகள் தொடராக இணைந்து 24 வோல்ற் தருகின்றன. நன்றாக மின்னேறிய நிலையில் இரண்டுமாகச் சுமார் 25 வோல்ற் காட்டவேண்டும், காட்டுகின்றன. அடுத்ததாக ஒருவர் திறப்பைத் திருக, மற்றவர் மானியைப் பார்க்கவேண்டும். ஓசை கேட்கும் அக்கணத்தில் அளவு வெகுவாகக் கீழே விழுந்தால், பற்றறி வலுவிழந்திருக்கவேண்டும்; அல்லது மோட்டார் மின்னோட்டத்தை எடுத்தும் சுழல முடியாமல் இறுகியிருக்கவேண்டும். அளவு சிறிதும் இறங்காமல் நின்றால் அதன் பொருள் வேறு: பெரு மின்னோட்டம் புறப்படவேயில்லை, வழி எங்கோ அறுந்திருக்கின்றது. இங்கே மானி 24 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவில்லை. பற்றறிமீதிருந்த ஐயமும், எஞ்சின் இறுகிவிட்டதோ என்ற அச்சமும் ஒரே சோதனையில் நீங்கிவிட்டன.

வழி என்றவுடன் யாவரும் பற்றறியின் நேர்முனையிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வரும் சிவந்த பருத்த வயரைத்தான் நினைக்கின்றார்கள். மின்னோட்டத்துக்குப் போகும் வழி எவ்வளவு வேண்டுமோ, திரும்பிவரும் வழியும் அவ்வளவு வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றார்கள். மோட்டாருக்குள் புகுந்த மின்னோட்டம் அதன் உடல் வழியாக வெளிவந்து, மணிக்கூட்டுக்கும் எஞ்சினுக்கும் பரவி, அங்கிருந்து வண்டியின் சட்டத்தை அடைந்து, சட்டத்தின் வழியே பற்றறியின் எதிர்முனைக்குத் திரும்பவேண்டும். ஆனால் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் சட்டத்தைத் தொடுவதில்லை. அதிர்வைத் தாங்குவதற்காக இறப்பரின் மேல் அமர்ந்திருக்கின்றன. இறப்பர் மின்னைக் கடத்தாது. எனவே எஞ்சினையும் சட்டத்தையும் இணைப்பதற்குப் பின்னற் செப்பு நாடா ஒன்றை வைத்திருக்கின்றார்கள். ஏர்த் நாடா என்று கராஜில் வழங்குவது இதுவே. பல லொறிகளில் அதன் ஒரு முனை, கியர்ப் பெட்டியைத் தாங்கும் போல்ட்டுகளுள் ஒன்றின் கீழே கிடக்கின்றது. கியர்ப் பெட்டியை இறக்குபவர் அந்தப் போல்ட்டைக் கழற்றியே ஆகவேண்டும். மீண்டும் பூட்டும்போது நாடா மேலே எங்கோ தொங்கிக்கொண்டிருக்க, போல்ட்டு மட்டும் இறுகிவிடுகின்றது. போல்ட்டு மிஞ்சவில்லை, சுரை மிஞ்சவில்லை. ஆதலால் ஒன்றும் மறக்கப்படவில்லை என்றே கை நம்புகின்றது.

நாடா இல்லாவிட்டாலும் மின்னோட்டம் சும்மா இருப்பதில்லை. எஞ்சினையும் வண்டியின் உடலையும் தொட்டுச் செல்லும் எந்த உலோகமும் அதற்கு வழியாகிவிடும். அக்சிலரேட்டரின் உருக்குக் கம்பி, பழைய டீசல் எஞ்சினை நிறுத்துவதற்குரிய இழுகம்பி, வேகமானியின் கம்பி ஆகியவை விளையாட்டுச் சாமான்போல மெல்லியவை. அவற்றினூடே பெரு மின்னோட்டம் பாய முயன்றால் அவை சூடேறுகின்றன. திறப்பைத் திருகும்போது கால்மிதியருகே இறப்பர் கருகும் மணம் எழுந்தாலோ, ஒரு கம்பி கையைச் சுட்டாலோ, மேலும் சோதனை வேண்டுவதில்லை. சொலெனோயிட் ‘டக்’ என்று அடிப்பதற்குப் போதிய மின்னை அந்த மெல்லிய வழி கொடுத்துவிடும். மோட்டாரைச் சுழற்றப் போதியதைக் கொடுக்காது.

இன்னொரு விதமாகவும் இவ்வழி அடைபடுவதுண்டு. வேலையில் ஒழுங்குடைய ஒரு மெக்கானிக் மணிக்கூட்டை மண்ணெண்ணெயாற் கழுவி, அழகாகச் சாயமும் பூசிவிடுகின்றார். ஸ்டார்ட்டர் அமரும் முகத்திலும், நாடா அமரும் இடத்திலும் சாயம் படிந்துவிடுகின்றது. சாயமும் மின்னைக் கடத்தாது. அழுக்கோடு பூட்டியிருந்தால் ஓடியிருக்கக்கூடிய வண்டி, அழகுபடுத்தியமையால் நின்றுவிடுகின்றது! அவ்விடங்களை மட்டும் உலோகம் தெரியுமளவும் சுரண்டிப் பூட்டவேண்டும்.

திரும்பும் வழியைச் சோதிக்க மானியின் ஒரு முனையைப் பற்றறியின் எதிர்முனையிலும், மறுமுனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வைத்துத் திறப்பைத் திருகவேண்டும். வழி நன்றாயிருந்தால் மானி அரை வோல்ற்றுக்கு மேல் ஏறாது. ஏறிச் சென்றால், அத்தனை வோல்ற்றும் அவ்வழியிலேயே இழக்கப்படுகின்றன. மானி இல்லாதவருக்கும் வழியுண்டு. ஒரு வண்டியின் பற்றறியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மின் கொடுப்பதற்கு வைத்திருக்கும் பருத்த வயரை எடுத்து, எதிர்முனையிலிருந்து நேரே எஞ்சினுக்கு இணைத்துத் திறப்பைத் திருகிப் பார்த்தாற் போதும். கம்பளையில் அவ்வாறே செய்தார்கள். எஞ்சின் உடனே சுழன்று பற்றிக்கொண்டது. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியின் கீழே புகுந்தபோது, கியர்ப் பெட்டியின் மேற்புறத்தில், நிமிர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாத மூலையில், நாடா ஒரு முனையில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லா லொறிகளும் இவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. ஓசையே கேளாத வண்டியிற் சிறிய வயர்களைப் பார்க்கவேண்டும். பல வண்டிகளில் கிளச்சு மிதியை அடிவரை அழுத்தினாலன்றி ஸ்டார்ட்டருக்கு மின் செல்லாதபடி சிறு ஆளி ஒன்று உண்டு. புதிய தகட்டுக்கேற்ப மிதியைச் சரிசெய்தபோது அது ஆளியைத் தொடாமற் போயிருக்கலாம். வேறு சிலவற்றில் கியர் நடுநிலையில் இருக்கின்றதா என்பதை அறியும் ஆளி கியர்ப் பெட்டியிலேயே இருக்கின்றது. அதனருகே பின்செல்லும் விளக்கின் ஆளி. இரண்டின் செருகிகளும் ஒன்றுபோலிருந்தால் மாறிப் பூட்டப்படுதல் எளிது. பின்செல்லும் கியரில் மட்டும் ஸ்டார்ட்டர் இயங்கினால் இக்குற்றமே என்று துணியலாம். மணிக்கூட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு வயர் நசுங்கிப் பியூஸ் எரிந்திருப்பதும் உண்டு.

எஞ்சின் இறுகி நிற்கின்றதோ என்ற ஐயம் எழுந்தால், பற்றறியைக் கழற்றிவிட்டு, கியரை நடுநிலையில் வைத்து, எஞ்சினின் முன்புறச் சுழல்தண்டிலுள்ள போல்ட்டில் நீண்ட ஸ்பனரை மாட்டிக் கையாற் சுழற்றிப் பார்க்கவேண்டும். சுழலவில்லையாயின் மீண்டும் கியர்ப் பெட்டியைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. பிளைவீலில் அளவுக்கு மிஞ்சிய நீளமுள்ள போல்ட்டு ஒன்று பின்னால் முட்டிக்கொண்டிருக்கலாம். பல்வளையம் தேய்ந்திருப்பதோ பழைய நோய். எஞ்சின் நிற்கும்போது அமுக்கத்தின் எதிர்ப்பினால் எப்போதும் ஏறக்குறைய ஒரே நிலைகளில் வந்து நிற்பதால், நான்கு உருளை எஞ்சினில் வளையத்தின் இரண்டு இடங்களும், ஆறு உருளை எஞ்சினில் மூன்று இடங்களும் மற்றைய இடங்களைவிட விரைவில் தேய்கின்றன. கியர்ப் பெட்டி கீழே கிடந்தபோதே அதைப் பார்த்திருக்கவேண்டும். பாராத மெக்கானிக் இரண்டாம் முறையும் அதே வேலையைச் செய்ய நேரும்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளாத லொறியில் வேறு தடம். எஞ்சின் பின்னே சாய்ந்தபோது டீசல் குழாயின் இணைப்பு இளகிக் காற்று புகுந்திருந்தால், கைப்பம்பினால் அடித்துக் காற்றை வெளியேற்றவேண்டும். நிறுத்தும் இழுகம்பி இழுபட்டு, ‘நிறுத்து’ என்ற நிலையிலேயே நின்றுகொண்டிருப்பதும் உண்டு. இதற்காகவே டீசல் பம்பைக் கழற்றிப் பழுதுபார்ப்பவரிடம் அனுப்பியவர்கள் இருக்கின்றார்கள். பெற்றோல் வண்டியாயின், எஞ்சினின் பின்புறத்திலுள்ள தீப்பொறிப் பங்கீட்டுக் கருவியின் மூடி சுவரோடு நசுங்கி வெடித்திருக்கலாம். கணினி கட்டுப்படுத்தும் புதிய டீசல் வண்டிகளில், பிளைவீலின் சுழற்சியை உணரும் சிறிய உணரி ஒன்று மணிக்கூட்டிற் செருகப்பட்டிருப்பதுண்டு. அதன் செருகி பூட்டப்படாவிட்டாலோ, முனை அடிபட்டாலோ, எஞ்சின் சுழல்கின்றது என்ற செய்தியே கணினிக்கு எட்டாது. அதனால் எரிபொருளையும் விடாது. பல வண்டிகளில், ஸ்டார்ட்டர் சுழலும்போது சுழற்சிமானியின் முள் அசையாமலிருப்பது இதற்கு நல்ல குறிப்பு.

அவசரம் மிகுந்தவர் கையாளும் குறுக்குவழி ஒன்றைப்பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். வண்டியின் கீழே படுத்துக்கொண்டு, சொலெனோயிட்டின் இரண்டு முனைகளையும் திருப்புளியாற் சேர்த்து எஞ்சினைச் சுழற்றிவிடுவார்கள். கிளச்சு மிதியின் ஆளியும், நடுநிலை ஆளியும் தரும் காவல் அப்போது இல்லாமற்போகின்றது. கியரிலே நிற்கும் டீசல் லொறி அந்த ஒரு தொடுகையில் பற்றிக்கொண்டு முன்னே பாயும். கீழே கிடப்பவருக்கு விலக நேரமிராது. கியர்ப் பெட்டியைப் புதிதாகப் பூட்டிய வண்டியில், கியர்த்தண்டு நடுநிலையைக் காட்டினாலும் உள்ளே ஒரு கியர் கோத்திருக்கக்கூடும். சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்து, சுழல்தண்டு கையாற் சுழல்கின்றதா என்று பார்த்த பின்னரன்றி எவரும் இதைச் செய்யலாகாது. சரிவிலே உருட்டி ஸ்டார்ட் செய்வதும் இறம்பொடை, புசல்லாவைப் பக்கத்துத் தெருக்களுக்கு ஏற்றதன்று. எஞ்சின் பற்றிக்கொள்ளாவிட்டால் பிறேக்குக்குத் துணைவலு கிடையாது.

நாடாவைப் பூட்டியதும் லொறி ஒரே திருகலில் இயங்கியது. மெக்கானிக் கூலியிற் சிறிது குறைத்துக்கொண்டார். சாரதியும் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மூடிவிட்டுப் புறப்பட ஆயத்தமானபோது, கராஜிலிருந்த முதியவர் ஒருவர் அக்சிலரேட்டரை மிதித்துவிடச் சொன்னார். மிதி கீழே சென்றது. கால் எடுத்தபின் திரும்பிவரச் சுணங்கியது. கம்பியை உருவிப் பார்த்தார்கள். நாடா இல்லாத நேரத்தில் மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்ததனால், உறையின் உட்புறம் உருகிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூட்டைகளோடு மலையிறங்கும்போது, திரும்பாத அக்சிலரேட்டர் என்ன செய்யும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடையைத் திறப்பித்துப் புதிய கம்பி வாங்கி மாட்ட ஒரு மணி நேரம் சென்றது. அதன் பின்னரே லொறி நுவரெலியாவை நோக்கி ஏறலாயிற்று.